முப்பத்தொன்பது இலக்கங்களில் ஒரு பகா எண்

127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் 170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727 என்னும் 39 இலக்க எண் கிடைக்கும். கணித நூல்கள் இதனை 2¹²⁷ − 1 என்று சுருக்கி எழுதுகின்றன. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் என்றும், அவ்வாறு வகுபடும் எண் பகு எண் என்றும், வகுக்கும் எண்கள் காரணிகள் என்றும் பள்ளிப் பாடங்களிலேயே சொல்லப்படுகின்றன. மேற்கண்ட எண் பகா எண்ணே என்பதைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்வார்ட் லூகாஸ் 1876-இல் அறிவித்தார். அதன்பின் 75 ஆண்டுகள் வரை இதனினும் பெரிய பகா எண் எதுவும் நிறுவப்படவில்லை. கருவி எதுவுமின்றிக் கைக்கணக்கால் நிறுவப்பட்ட பகா எண்களில் இன்றும் இதுவே மிகப் பெரியது. இவ்வளவு பெரிய எண்ணைப் பற்றிக் கணிப்பொறி பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே இவ்வளவு உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல முடிந்தது எப்படி என்று தேடினால், விடை அந்த எண்ணின் வடிவத்தில் இருக்கிறது: அது இரண்டின் அடுக்கு ஒன்றுக்குச் சரியாக ஒன்று குறைவானது. அதன் கணிதப் பண்புகள் பெரும்பாலானவை இந்த ஒரே செய்தியிலிருந்து கிளைத்தவை.

பகா எண்கள் அரியவை அல்ல

எண்கள் பெருகப் பெருகப் பகா எண்கள் மறைந்துவிடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அவை மெல்ல மெல்ல அருகுவது உண்மைதான். ஆனால் அந்த வீழ்ச்சி மிக மந்தமானது. முதல் நூறு எண்களுக்குள் 25 பகா எண்கள், அதாவது நான்குக்கு ஒன்று வீதம் உள்ளன. 1896-இல் நிறுவப்பட்ட பகா எண் தேற்றத்தின்படி கணக்கிட்டால், 2¹²⁷ − 1 அமைந்திருக்கும் வட்டாரத்திலும் சராசரியாக 88 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். எனவே 39 இலக்கப் பகா எண்களுக்குப் பஞ்சமே இல்லை. குறிப்பிட்ட ஓர் எண்ணைச் சுட்டிக்காட்டி, இது பகா எண்தான் என்று ஐயமற மெய்ப்பிப்பதில்தான் கடினம் இருக்கிறது.

பள்ளியில் கற்பிக்கப்படும் நேர்வழி, சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது. ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத காரணி ஒன்று கட்டாயம் இருக்கும் என்பதால், வர்க்கமூலம் வரை சோதித்தால் போதும். ஆனால் 2¹²⁷ − 1 என்ற எண்ணின் வர்க்கமூலமே 20 இலக்கங்கள் கொண்டது. நொடிக்கு ஒரு வகுத்தல் என்ற வேகத்தில் அந்த எல்லையை எட்ட ஏறத்தாழ 41,000 கோடி ஆண்டுகள் ஆகும். இங்கே எண்ணின் வடிவம் முதல் உதவியைச் செய்கிறது. p இரண்டைத் தவிர்த்த ஒரு பகா எண்ணாக இருக்கையில், 2ᵖ − 1 என்ற எண்ணின் ஒவ்வொரு காரணியும் 2p-யின் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்பதை 17-ஆம் நூற்றாண்டில் பியர் டி ஃபெர்மா கண்டார். எடுத்துக்காட்டாக 2¹¹ − 1 = 2047; இதன் காரணிகளான 23, 89 ஆகிய இரண்டும் 22-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியவை. இந்த விதிப்படி 2¹²⁷ − 1-க்கு 255, 509, 763 என்று 254 வீதம் ஏறிச் செல்லும் எண்களை மட்டும் சோதித்தால் போதும். அப்படியும் 160 கோடி ஆண்டுகள் மிஞ்சுகின்றன.

லியோனார்டு ஆய்லர் 1772-இல் 2³¹ − 1, அதாவது 2,147,483,647 என்ற பத்து இலக்க எண் பகா எண் என்று நிறுவியது இத்தகைய வடிகட்டலின் துணையோடுதான். அங்கே வர்க்கமூலம் 46,341-க்கும் குறைவு என்பதால் வகுத்துப் பார்ப்பது ஒரு மனிதரால் ஆகக்கூடிய வேலையாக இருந்தது. அதன்பின் 1867-இல் ஃபோர்த்துனே லாந்திரி கண்ட 3,203,431,780,337 என்ற பகா எண்ணுக்கு 13 இலக்கங்கள். ஆய்லருக்குப் பின் 95 ஆண்டுகளில் மூன்று இலக்கங்களே கூடியிருந்த நிலையில், அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்குள் 39 இலக்கங்களுக்குத் தாவ முடிந்ததென்றால், வகுத்துப் பார்க்கும் வழியே கைவிடப்பட்டது என்று பொருள்.

127 ஒன்றுகள்

அன்றாடம் பயன்படுத்தும் பத்தடிமான எண் முறையில் இந்த எண்ணின் இலக்கங்களில் ஒழுங்கு எதுவும் தெரிவதில்லை. கணிப்பொறிகள் கையாளும் இரும எண் முறையில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களையே கொண்டு இடப்பக்கம் நகர நகர மதிப்பு இருமடங்காகும் முறையில் எழுதினால், 3 என்பது 11 ஆகவும், 7 என்பது 111 ஆகவும், 31 என்பது 11111 ஆகவும் அமைகின்றன. 2¹²⁷ − 1 என்பது இடைவெளியின்றி வரும் 127 ஒன்றுகள். இவ்வாறு ஒன்றுகளால் மட்டுமே ஆன பகா எண்களுக்குத்தான் மெர்சென் பகா எண்கள் என்று பெயர்.

அடுக்கெண் பகு எண்ணாக இருந்தால் இவ்வடிவ எண் ஒருபோதும் பகா எண்ணாகாது என்பதை இந்த எழுத்து முறையே காட்டிவிடுகிறது. 2⁶ − 1 = 63 என்பதன் இரும வடிவம் 111111; இது 111 என்ற கூட்டம் இருமுறை அடுத்தடுத்து நிற்பது, ஆகவே 111-ஆல், அதாவது 7-ஆல் வகுபடும். 127 ஒரு பகா எண் என்பதால் 127 ஒன்றுகளை இப்படிச் சம கூட்டங்களாகப் பிரிக்க முடியாது. எனினும் அடுக்கெண் பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு மேலே கண்ட 2047 சான்று: 11 பகா எண், 2047 பகு எண்.

எந்தெந்த அடுக்கெண்கள் பகா எண்ணைத் தரும் என்ற பட்டியலைப் பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென் 1644-இல் வெளியிட்டார். 257 வரையுள்ள அடுக்கெண்களில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவையே தகுதியுடையன என்பது அவர் கூற்று. அந்தக் காலத்தில் எவராலும் சரிபார்க்க முடியாத அப்பட்டியலில் 67, 257 ஆகிய இரண்டும் தவறாக இடம்பெற்றிருந்தன என்பதும், 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டிருந்தன என்பதும் பிற்காலத்தில் தெளிவாயின. 127 மட்டும் 232 ஆண்டுகள் காத்திருந்து உறுதிப்பட்டது.

லூகாஸின் சோதனை

லூகாஸ் 1842-இல் பிறந்தவர். பிரான்ஸ்–பிரஷ்யப் போரில் பீரங்கிப்படை அதிகாரியாகப் பணியாற்றிப் பின்னர்க் கணித ஆசிரியரானவர். ஹனாய் கோபுரம் என்று உலகெங்கும் விற்கும் வட்டத்தட்டுப் புதிரை உருவாக்கியவரும் இவரே. அவர் வகுத்த சோதனையை 1930-களில் அமெரிக்கரான டெரிக் ஹென்றி லேமர் எளிமைப்படுத்தியதால், இன்று அது லூகாஸ்–லேமர் சோதனை என்று வழங்குகிறது. இரண்டைத் தவிர்த்த எந்தப் பகா அடுக்கெண்ணுக்கும் பொருந்தும் அதன் விதி வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. 4 என்ற எண்ணில் தொடங்கி, கையிலுள்ள எண்ணை வர்க்கமாக்கி, அதாவது அதே எண்ணால் பெருக்கி, இரண்டைக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கெண் p என்றால் இதை p − 2 முறை செய்ய வேண்டும். இறுதியில் பூஜ்யம் வந்தால் எண் பகா எண். வேறு எது வந்தாலும் பகு எண்.

அடுக்கெண் 7-ஐ எடுத்துக்கொண்டால் சோதிக்கப்படும் எண் 127, படிகள் ஐந்து. 4-இன் வர்க்கத்தில் இரண்டு கழிந்தால் 14. அதன் வர்க்கத்தில் இரண்டு கழிந்து வரும் 194-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 67. அடுத்துக் கிடைக்கும் 4487 மீதியாக 42-ஐத் தருகிறது. அதற்கடுத்த 1762-இன் மீதி 111. கடைசியாக வரும் 12,319 என்பது 127-ஐ 97-ஆல் பெருக்கிய தொகையே ஆதலால் மீதி பூஜ்யம். ஆகவே 127 பகா எண். இதே விதியை 2047-இல் செலுத்தினால் ஒன்பதாம் படியில் 1736 நிற்கும்; பூஜ்யம் வராததால் அது பகு எண். 2¹²⁷ − 1-க்கு இவ்வடிவில் வேண்டியவை 125 படிகளே. 160 கோடி ஆண்டு வேலை, நீண்டதாயினும் ஒருவர் தம் வாழ்நாளில் செய்து முடிக்கக்கூடிய கணக்காகச் சுருங்கிவிட்டது.

39 இலக்க எண்ணை வர்க்கமாக்கி, மீண்டும் 39 இலக்க எண்ணால் வகுப்பதும் எளிதன்று என்பதால், அந்த இடத்திலும் எண்ணின் வடிவமே கைகொடுத்தது. ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியை அறிய இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்பது பலரும் அறிந்த வழி; 9 என்பது பத்துக்கு ஒன்று குறைவு என்பதே அதற்குக் காரணம். அதேபோல் இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவான எண்ணால் வகுக்கும்போது, இரும வடிவத்தை வலப்பக்கமிருந்து சம நீளத் துண்டுகளாக வெட்டிக் கூட்டினால் மீதி கிடைத்துவிடும். 194-ஐ 31-ஆல் வகுப்பதாகக் கொண்டால், அதன் இரும வடிவமான 11000010-இல் கடைசி ஐந்து இலக்கங்கள் 00010, அதாவது 2. எஞ்சிய 110 என்பது 6. இரண்டும் சேர்ந்து 8. வகுத்தாலும் அதே மீதிதான். வகுத்தல் என்ற கடினமான செயல் கூட்டலாகக் கரைந்துவிடுகிறது.

இந்த வசதியை முன்வைத்தே, ஒரு பக்கத்துக்கு 127 கட்டங்கள் வீதம் 16,129 கட்டங்கள் கொண்ட சதுரங்கப் பலகை ஒன்றில் இக்கணக்கைக் காய் நகர்த்தியே செய்துவிடலாம் என்று லூகாஸ் விளக்கினார். ஒரு கட்டத்தில் காய் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். எண்ணை இரண்டின் அடுக்கால் பெருக்குவது காய்களை இடப்பக்கம் நகர்த்துவதற்கு ஈடாகும். பலகையின் இட ஓரத்தைத் தாண்டும் காய் வல ஓரத்தில் மீண்டும் நுழையும். வரிசைகளை எல்லாம் கூட்டும்போது ஒரே நெடுவரிசையில் உள்ள இரு காய்களை எடுத்துவிட்டு அடுத்த நெடுவரிசையில் ஒரு காய் வைத்தால் போதும். எண்களை அறியாத ஒருவரும் விதிகளை மட்டும் பின்பற்றிச் செய்துவிடக்கூடிய இந்த ஆட்டம், பிற்காலக் கணிப்பொறிகளின் இயக்க முறைக்கு மிக நெருக்கமானது.

சோதனை ஏன் பலிக்கிறது

பூஜ்யம் வருவதற்கும் பகா எண்ணாக இருப்பதற்கும் உள்ள உறவு தற்செயலானது அன்று. 2 + √3 என்ற எண்ணைத் திரும்பத் திரும்ப அதனாலேயே பெருக்கி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு சென்றால், ஏதோ ஒரு கட்டத்தில் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சுழற்சி ஒன்று உருவாகும். 4, 14, 194 என்ற வரிசை இந்தச் சுழற்சியின் நிழல். வரிசை உரிய படியில் பூஜ்யத்தை அடைந்தால், சுழற்சியின் நீளம் சரியாக 2¹²⁷ என்று ஆகிறது. சோதிக்கப்படும் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக்காரணி q ஒன்று இருக்க வேண்டும். அந்தக் காரணியைக் கொண்டு மீதி பார்த்தாலும் சுழற்சியின் நீளம் அதுவே. ஆனால் q-வைக் கொண்டு அமையும் எந்தச் சுழற்சியும் q² − 1-ஐவிட நீளமாக இருக்க முடியாது. அதுவோ 2¹²⁷-ஐவிடக் குறைவு. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க வழியில்லை என்பதால், சிறிய காரணி எதுவும் இல்லை என்ற முடிவு ஒரு காரணியைக்கூடத் தேடிப் பார்க்காமலே கிடைத்துவிடுகிறது.

இங்கே உயிர்நிலையாக இருப்பது, சோதிக்கப்படும் எண்ணுக்கு அடுத்த எண் 2¹²⁷ என்பதும், அதில் இரண்டைத் தவிர வேறு பகாக்காரணியே இல்லை என்பதும்தான். அண்டை எண்ணின் காரணிகள் முழுமையாகத் தெரிந்திருந்தால் ஓர் எண்ணின் பகாத் தன்மையை நிறுவுவது எளிதாகிறது என்ற இந்தக் கருத்து எண் கோட்பாட்டுக்கு லூகாஸ் அளித்த பெரும் கொடை.

காரணியைத் தேடாமல் தீர்ப்பு வழங்கும் முறைக்கு மறுபக்கமும் உண்டு. மெர்சென் பட்டியலில் இருந்த 2⁶⁷ − 1 பகு எண் என்று லூகாஸ் அதே 1876-இல் காட்டினார். ஆனால் அதன் காரணிகள் எவை என்று அம்முறையால் சொல்ல இயலவில்லை. 1903-இல்தான் அமெரிக்கக் கணித அறிஞர் ஃபிராங்க் நெல்சன் கோல், அது 193,707,721 × 761,838,257,287 என்று வெளிப்படுத்தினார். ஓர் எண் பகு எண் என்று அறிவதும் அதன் காரணிகளை அறிவதும் வெவ்வேறு வேலைகள் என்ற இந்த வேறுபாட்டின் மீதுதான் இன்றைய இணையப் பாதுகாப்பின் ஒரு பெரும் பகுதி நிற்கிறது.

உறவு எண்கள்

ஒரு மெர்சென் பகா எண் கிடைத்தால் அதோடு நிறைவெண் ஒன்றும் கிடைக்கும். தன்னைத் தவிர்த்த பிற வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் நிறைவெண்; 1 + 2 + 4 + 7 + 14 = 28 என்பதால் 28 ஒரு நிறைவெண். 2ᵖ − 1 பகா எண்ணானால் அதனை 2ᵖ⁻¹ என்பதோடு பெருக்கி வருவது நிறைவெண் என்று யூக்ளிட் நிறுவினார். இரட்டைப்படை நிறைவெண்கள் அனைத்தும் இவ்வகையினவே என்று ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஆய்லர் நிறுவினார். லூகாஸின் எண் அளவு வரிசையில் பன்னிரண்டாம் மெர்சென் பகா எண். அதிலிருந்து பிறக்கும் பன்னிரண்டாம் நிறைவெண்ணுக்கு 77 இலக்கங்கள்.

இரும வடிவத்தின் கடைசி மூன்று இலக்கங்கள் 111 என்பதால் 2¹²⁷ − 1-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7. எந்த எண்ணின் வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்கும். இவற்றில் எந்த மூன்றைக் கூட்டினாலும் மீதி 7 வராது. ஆகவே இந்த எண்ணை இரண்டு அல்லது மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதவே முடியாது; எல்லா எண்களுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்ற லக்ராஞ்சின் தேற்றம் சொல்லும் உச்ச வரம்பு முழுவதும் இதற்குத் தேவைப்படுகிறது.

1, 1, 2, 3, 5, 8 என்று முந்தைய இரண்டையும் கூட்டி வளரும் ஃபிபொனாச்சி வரிசையோடும் இதற்கு உறவு உண்டு. அவ்வரிசையின் 8-ஆம் எண்ணான 21, 7-ஆல் வகுபடும். 128-ஆம் எண் 127-ஆல் வகுபடும். அதே முறையில் 2¹²⁷-ஆம் ஃபிபொனாச்சி எண் 2¹²⁷ − 1-ஆல் வகுபடும். லூகாஸ் முதலில் தம் சோதனையைக் கட்டியது இந்த வகுபடுதன்மையின் மீதுதான்.

கணிப்பொறிக் காலத்தில்

1951-இல் ஏமே ஃபெரியே மேசைக் கணக்கியின் உதவியால் 44 இலக்கப் பகா எண் ஒன்றை நிறுவ, லூகாஸின் எண் முதலிடத்தை இழந்தது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணிப்பொறியைக் கொண்டு மில்லரும் வீலரும் 79 இலக்கப் பகா எண்ணைக் கண்டனர். அவர்கள் கண்ட எண் 180 × (2¹²⁷ − 1)² + 1. அதற்கு முந்தைய எண்ணின் காரணிகள் அனைத்தும் லூகாஸின் புண்ணியத்தில் முன்பே தெரிந்திருந்ததால்தான் அதன் பகாத் தன்மையை நிறுவ முடிந்தது. 1952-இல் ராஃபேல் ராபின்சன் எழுதிய நிரலைக் கொண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஸ்வாக் கணிப்பொறி 2⁵²¹ − 1 முதலாக ஐந்து புதிய மெர்சென் பகா எண்களை லூகாஸ்–லேமர் சோதனையாலேயே கண்டறிந்தது.

முதலிடம் போனாலும் பயன்பாடு போகவில்லை. வகுத்தலைக் கூட்டலாக மாற்றும் பண்பு, மீதிக் கணக்கை நொடிக்கு லட்சக்கணக்கான முறை செய்ய வேண்டிய குறியாக்கத் துறைக்கு மிகவும் உகந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த கோஸ்டெல்லோ, லோங்கா ஆகிய இருவர் 2015-இல் வெளியிட்ட ஃபோர்க்யூ என்ற நீள்வட்ட வளைவரைக் குறியாக்க முறை 2¹²⁷ − 1-ஐயே அடித்தளமாகக் கொண்டது. இந்த எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் அது குறியாக்கத்துக்குச் சிறியது. ஆதலால் அம்முறையில் −1-இன் வர்க்கமூலத்தையும் சேர்த்து எண்களின் களம் விரிவாக்கப்படுகிறது. இந்த எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால், −1-க்கு அதன் மீதிகளுக்குள் வர்க்கமூலம் கிடையாது. விரிவாக்கம் செல்லுபடியாவது அதனால்தான்.

2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர், எந்த வடிவ எண்ணாயினும் அது பகா எண்ணா என்பதை நியாயமான காலத்தில் ஐயமறத் தீர்மானிக்கும் பொது வழியை வகுத்துப் புகழ்பெற்றனர். எனினும் மெர்சென் எண்களுக்கு அவற்றின் வடிவத்தைப் பயன்படுத்தும் பழைய சோதனையே வேகமானது. 1996-இல் தொடங்கிய ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வலர் கூட்டு முயற்சி 2024 அக்டோபரில் அறிவித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். வேறொரு விரைவுச் சோதனை முதலில் அதனை அடையாளம் காட்டினாலும், பகா எண் என்ற இறுதித் தீர்ப்பை வழங்கியது லூகாஸ்–லேமர் சோதனைதான்.

அந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு என்பதைக் காட்டுவதும் லூகாஸின் எண்ணே. 2-இல் தொடங்கி, கிடைத்த எண்ணையே அடுக்கெண்ணாக்கி ஒன்றைக் கழித்துக்கொண்டே போனால் 3, 7, 127, 2¹²⁷ − 1 என்று வரும். ஐந்தும் பகா எண்கள். யூஜின் கத்தலான் சுட்டிக்காட்டிய இவ்வரிசையின் அடுத்த உறுப்பும் பகா எண்தானா என்ற வினா 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே நிற்கிறது. பகா எண்ணை அடுக்கெண்ணாக்கினால் எப்போதும் பகா எண்ணே வரும் என்று நம்பவும் வழியில்லை. 8191 ஒரு மெர்சென் பகா எண்ணாக இருந்தும் 2⁸¹⁹¹ − 1 பகு எண் என்று 1953-இல் தெரிந்துவிட்டது. கத்தலானின் அடுத்த எண்ணுக்கு எத்தனை இலக்கங்கள் என்று சொல்லவே 38 இலக்க எண் ஒன்று வேண்டும். கத்தலானின் அந்த எண்ணை முழுதாக எழுதிவைக்கவும் இடமில்லை. லூகாஸின் சோதனையை நடத்த வேண்டிய படிகளோ 2¹²⁷-க்கு மூன்றே குறைவு. அது பகு எண்ணாக இருந்து, எட்டும் தொலைவில் ஒரு காரணி அகப்பட்டால் வினா ஒரே நாளில் தீர்ந்துவிடும். பகா எண்ணாக இருந்தால் அதை நிறுவ இன்றுள்ள எந்த முறையும் போதாது.